புதிதாக வந்த கெக்கோ சாப்பிட மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் கெக்கோ, அதாவது வீட்டில் வளர்க்கும் பல்லி, வாங்கிப் போனவர்களும், வேறெங்கோ வாங்கிவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்க வந்தவர்களும், முதல் பத்து நாளில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும்: "இன்னும் வாயே திறக்கவில்லை." நானும் அதே பதிலைச் சொல்வேன். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிவைத்துவிட்டேன்.

பெரும்பாலும் லெப்பர்ட் கெக்கோவை மனதில் வைத்து எழுதியது இது. புதிதாக வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது அதுதான். கிரெஸ்டட் கெக்கோவுக்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

இன்று மாலை வீட்டுக்கு வருகிறது. வந்ததும் முதலில் என்ன செய்யணும்?

வந்ததும் செய்ய வேண்டியது மிகக் குறைவு. வருவதற்கு முன்பு செய்ய வேண்டியதுதான் அதிகம். கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், பதுங்கிடங்கள் எல்லாம் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியில் கெக்கோ காத்திருக்கும்போது வெப்பத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தால் அவசரத்தில் எல்லாம் தப்பாகும்.

வந்த பிறகு, பெட்டியைத் தொட்டிக்குள் வைத்துத் திறந்துவிடுங்கள். தானாக இறங்கட்டும். கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு உள்ளே விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்.

நேற்று வந்ததிலிருந்து குகைக்குள்ளேயே கிடக்கிறது. உடம்புக்கு ஏதாவதா?

இல்லை. பகலில் ஒளிந்திருப்பதுதான் அதன் வேலை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களிலிருந்து வந்த இனம் இது. பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடந்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் இரை தேடக் கிளம்பும். நீங்கள் தூங்கிய பிறகு அது தொட்டியை அங்குலம் அங்குலமாக நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காலையில் தரையில் விரித்த டிஷ்யூ தாள் கசங்கியிருக்கிறதா, மூலையில் எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், நடமாட்டம் தெரிந்துவிடும்.

ஒளிய இடம் போதவில்லை என்றால்தான் சிக்கல். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரப்பாசி அல்லது நனைத்த டிஷ்யூ போட்ட ஈரக் குகை ஒன்று என மூன்று வேண்டும். குகை பெரிதாக, அழகாக இருக்க வேண்டியதில்லை. முதுகும் பக்கவாட்டும் உரசும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும். தொட்டியின் மூன்று பக்கங்களில் வெளிப்புறமாகத் தாள் ஒட்டி மறைத்துவிட்டால் இன்னும் சீக்கிரம் அடங்கும்.

எத்தனை நாள் சாப்பிடாமல் தாங்கும்?

வயதைப் பொறுத்தது. நன்கு வளர்ந்த கெக்கோ தன் கொழுப்பை வாலில் சேமிக்கிறது. வால் கழுத்தளவு தடிமனாக இருந்தால் புது இடத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஐந்தாறு நாள் எதையும் தொடாத குட்டியைப் பற்றி அக்கறைப்படத்தான் வேண்டும்.

நாள் எண்ணுவதைவிட எடை பார்ப்பது நல்லது. ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு போதும். வந்த அன்று பெட்டியோடு நிறுத்து, பிறகு காலிப் பெட்டியின் எடையைக் கழித்துவிடுங்கள். அப்புறம் வாரம் ஒரு முறை, ஒரு சின்ன டப்பாவுக்குள் நடக்கவிட்டு நிறுத்துக் குறித்துவையுங்கள். 50 கிராமில் வந்தது 49 ஆனால் கவலை இல்லை. 45 ஆகிவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், மருத்துவரிடம் போகும் நேரம். "மெலிந்த மாதிரி இருக்கிறது" என்று கண்ணால் சொல்பவர்கள் பாதி நேரம் தப்பாகச் சொல்கிறார்கள். நானும்தான்.

தொட்டியில் ஒட்டியிருக்கும் வெப்பமானி 30 காட்டுகிறது. வெப்பம் சரிதானே?

சரியில்லை என்றுதான் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி, அது ஒட்டியிருக்கும் கண்ணாடியின் வெப்பத்தையும் பக்கத்துக் காற்றையும்தான் காட்டும். கெக்கோ வயிற்றை வைத்துப் படுத்திருப்பது தரையில். அந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் கெக்கோ பதினோரு நாள் சாப்பிடவில்லை. பூச்சியை மாற்றினேன், இடுக்கியை மாற்றினேன், அரை மணிக்கொரு முறை மூடியைத் திறந்து கெஞ்சினேன். கடைசியில் ஒரு நண்பர் கொடுத்த வெப்பமானியைத் தரையில் வைத்துப் பார்த்தால் 25 டிகிரி. மேலே ஒட்டியிருந்தது 31 காட்டிக்கொண்டிருந்தது. தரையைச் சூடாக்கிய மூன்றாம் நாள் நான்கு பூச்சிகளைத் தின்றது. தப்பு பூச்சியில் இல்லை.

கெக்கோவின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் செரிமானம் நடக்கும். குளிரில் தின்றால் இரை வயிற்றிலேயே கிடந்து கெடும். அதனால் குளிரும்போது பசியே எடுப்பதில்லை. சூடான பக்கத் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26. இரவில் 20, 21 வரை இறங்கினாலும் பரவாயில்லை. அளக்க, வயர் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானியைச் சூடான குகைக்குள் தரையோடு வையுங்கள். அல்லது துப்பாக்கிபோல் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வாங்குங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல், தரையைச் சூடாக்கும் விரிப்பான ஹீட் மேட்டை நேரடியாக மின்சாரத்தில் செருகவே கூடாது; வயிறு வெந்துபோன கெக்கோவைப் பார்த்திருக்கிறேன். சூட்டுக்கல் என்று விற்கும் மின்கல்லும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

கீழே வரும் பல கேள்விகளுக்கும் "முதலில் தரை வெப்பத்தை அளந்தீர்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். அளக்காமல் மற்ற பதில்களுக்குத் தாவாதீர்கள்.

முதல் சாப்பாடாக என்ன கொடுக்கலாம்?

முன்பு வளர்த்தவர் என்ன கொடுத்தாரோ அதுவே. இதைக் கேட்டுக்கொண்டு வராமல் வந்துவிடுகிறவர்கள் அதிகம். மாவுப்புழு, அதாவது மீல்வார்ம், தின்று வளர்ந்த குட்டிக்கு முன்னால் சுவர்க்கோழி என்னும் கிரிக்கெட் பூச்சி துள்ளினால் அது இரையாகத் தெரியாமலே போகலாம். பழகிய இரையில் தொடங்கி, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு மற்றவற்றைக் கலந்து கொடுங்கள்.

அளவு முக்கியம். கெக்கோவின் இரு கண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைவிட அகலமான பூச்சி வேண்டாம். சுவர்க்கோழி, டூபியா கரப்பான், மாவுப்புழு, பிளாக் சோல்ஜர் என்னும் கறுப்பு ஈயின் புழு எல்லாம் நல்லவை. கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே பூச்சிக்குக் காரட், கீரை மாதிரி சத்தான தீனி போட்டுவையுங்கள்; பட்டினிப் பூச்சியில் தோலைத் தவிர ஒன்றும் இல்லை. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், அதில் பூச்சிமருந்தோ ஒட்டுண்ணியோ இருக்கலாம். மின்மினிப் பூச்சியைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அதன் நஞ்சு பல்லியினங்களைக் கொல்லக்கூடியது.

லெப்பர்ட் கெக்கோ பழம், காய், கீரை தின்னாது. "ஒரு வாழைப்பழத் துண்டு கொடுத்துப் பார்க்கட்டுமா?" என்பதற்கும் இதுவே பதில்.

பூச்சியைப் போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயே விட்டுவைக்கலாமா?

சுவர்க்கோழியை விட்டுவைக்காதீர்கள். பசித்த சுவர்க்கோழி தூங்கும் கெக்கோவின் விரலையும் வாலையும் கடிக்கும். கடிபட்ட கெக்கோ அதற்கப்புறம் பூச்சியைக் கண்டாலே ஒதுங்கும். பதினைந்து, இருபது நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். மாவுப்புழுவாக இருந்தால் வழுவழுப்பான பக்கங்கள் கொண்ட கிண்ணத்தில் போட்டு ராத்திரி முழுக்க வைக்கலாம். கூச்சமுள்ள குட்டிக்கு இதுதான் நல்ல வழி. ஆள் பார்க்காதபோது தின்றுவிடும். காலையில் புழுக்களை எண்ணிப் பாருங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். மத்தியானம் குகையிலிருந்து எழுப்பிச் சாப்பாடு காட்டினால் எப்படிச் சாப்பிடும்? விளக்கு மங்கி அரை மணி கழித்துக் கொடுங்கள். இடுக்கியால் கொடுக்கும்போது மூக்குக்கு நேராக நீட்டாமல், சற்றுத் தள்ளித் தரையோரமாக மெதுவாக அசையுங்கள். மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான்.

சாப்பிடவில்லை என்றால் மறுநாள் விட்டு அடுத்த நாள் முயலுங்கள். தினமும் நான்கு முறை காட்டுவதால் பசி வராது, பயம்தான் வரும். சாப்பிடத் தொடங்கிய பிறகு குட்டிக்குத் தினமும், பெரியதற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும்.

வாலை ஆட்டுகிறது, பூச்சியை முறைக்கிறது, ஆனால் கடிக்கவில்லை. ஏன்?

வால் நுனி படபடவென்று துடித்தால் அது வேட்டை வெறி. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், பாயும். வாலை உயர்த்தி, பாம்புபோல் மெதுவாக இருபக்கமும் அசைத்தால் "கிட்டே வராதே" என்று அர்த்தம். பூச்சியையோ உங்கள் இடுக்கியையோ கண்டு மிரண்டிருக்கிறது. சின்னப் பூச்சியாக மாற்றுங்கள், தள்ளி நில்லுங்கள்.

பாய்ந்து பாய்ந்து குறி தவறினால் கண்ணைப் பாருங்கள். இமைக்குள் உரியாத தோல் சிக்கியிருக்கலாம். நிறமி குறைந்த அல்பினோ வகைகளுக்கு வெளிச்சம் கூசும், இன்னும் மங்கலாக்கினால் சரியாகும். எனிக்மா என்ற வகையில் பிறவியிலேயே நரம்புக் கோளாறு உண்டு. தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும், இரையைத் தவறவிடும். அப்படிப்பட்டதைக் கிண்ணத்தில் வைத்தே பழக்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே அந்த வகையைத் தவிர்த்துவிடுவது என் கட்சி.

கால்சியம் தூள் தடவினால் துப்பிவிடுகிறது. தூள் இல்லாமலே கொடுக்கட்டுமா?

முதல் இரண்டு மூன்று வேளை தூள் இல்லாமல் கொடுங்கள், தப்பில்லை. சாப்பிட வைப்பதுதான் இப்போதைய வேலை. அப்புறம் லேசாகத் தூவி ஆரம்பியுங்கள். பூச்சி திருநீறு பூசிய மாதிரி வெள்ளையாக இருக்கத் தேவையில்லை, மேலே தூசி படிந்த மாதிரி இருந்தால் போதும்.

ஆனால் நிரந்தரமாக விட்டுவிட முடியாது. பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். தூள் இல்லாமல் மாதக்கணக்கில் வளர்ந்தால் எலும்பு மிருதுவாகி, கால் வளைந்து, தாடை ரப்பர் மாதிரி ஆகிவிடும். தாடை வலிக்கிற கெக்கோவும் சாப்பிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். புற ஊதா விளக்கு வைக்காதவர்கள் வைட்டமின் டி3 கலந்த கால்சியத் தூள் வாங்க வேண்டும்.

எப்போது கையில் எடுக்கலாம்? பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள்.

குறைந்தது இரண்டு வாரம் கழித்து. அதுவும் மூன்று நான்கு வேளை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு. சாப்பிடாத கெக்கோவைத் தூக்கிப் பழக்கவே கூடாது. வாராந்திர எடைக்கு டப்பாவுக்குள் நடக்கவிடுவது இதில் சேராது. முதலில் கையைத் தரையில் வைத்து அசையாமல் இருங்கள். நக்கிப் பார்க்கும், ஏறலாம், ஏறாமலும் போகலாம். மேலிருந்து அள்ளாதீர்கள்.

முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நல்ல ஆரோக்கியமான கெக்கோவின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் கண்ணால் மட்டும் பார்க்கட்டும்.

வந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வெளுத்துவிட்டது. சாப்பிடவும் இல்லை. நோயா?

சட்டை உரிக்கப் போகிறது. அதற்கு முந்தைய ஓரிரு நாள் பல கெக்கோக்கள் சாப்பிடாது. உரித்த தோலைத் தானே தின்றுவிடும் என்பதால் தோலைத் தேடி அலைய வேண்டாம். ஈரக் குகை காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரித்து முடிந்ததும் விரல் நுனிகளை மட்டும் கவனியுங்கள். அங்கே சிக்கிய தோல் காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். சிக்கியிருந்தால் வெதுவெதுப்பான ஈரத் துணி விரித்த டப்பாவில் கால் மணி நேரம் விட்டு, ஈரப் பஞ்சால் மெதுவாக உருட்டி எடுங்கள். வராததைப் பிய்க்காதீர்கள்.

பயத்தில் வாலை உதிர்த்துவிட்டது! என் தப்புதான். இப்போது என்ன செய்வது?

நடக்கிற விஷயம்தான். ரத்தம் அதிகம் வராது. தரையில் வெறும் டிஷ்யூ தாள் விரித்து, தினமும் மாற்றி, சுத்தமாக வையுங்கள். கையில் கிடைத்த களிம்பைப் பூச வேண்டாம். வீக்கம், சீழ், கருப்பு நிறம் வந்தால் மருத்துவரிடம் போங்கள். சில மாதங்களில் புது வால் வரும். பழையதுபோல் வளையங்களோடு இல்லாமல் வழவழவென்று குண்டாக இருக்கும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு மட்டும் மறுபடி முளைக்காது, வாலில்லாமலே நன்றாக வாழும்.

மேலே எத்தனை நாள் தாங்கும் என்று சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது. சேமிப்பே வாலோடு போய்விட்டது. பெரியதாக இருந்தாலும் குட்டியைப்போல நினைத்து, சீக்கிரம் சாப்பிடத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு வாங்கினேன். ஒன்று கொழுக்கிறது, மற்றது சாப்பிடுவதே இல்லை.

பிரித்துவிடுங்கள், இன்றைக்கே. கெக்கோவுக்குத் துணை தேவையில்லை. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்து "பாசம்" என்கிறார்கள். உண்மையில் சூடான இடத்துக்கான போட்டி அது. மெலிந்தது தனித் தொட்டிக்குப் போன சில நாளில் சாப்பிடத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டும் ஆண் என்றால் சண்டை ரத்தத்தில் முடியும்.

என்னுடையது கிரெஸ்டட் கெக்கோ. கூழ் காய்ந்துபோகிறது, தொட்ட மாதிரியே தெரியவில்லை.

இதற்கு வெப்பக் கணக்கே வேறு. நியூ கலிடோனியத் தீவுக் காடுகளைச் சேர்ந்தது. அழிந்துபோனதென்று நினைத்திருந்த இனம் 1994-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. 22 முதல் 26 டிகிரி போதும், 28-க்கு மேல் போனால் தவித்துப்போகும். லெப்பர்ட் கெக்கோவுக்குச் சொன்ன சூட்டை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். இரவில் தண்ணீர் தெளியுங்கள். இலையில் நிற்கும் துளியை நக்கிக் குடிக்கும்.

இதன் முதன்மை உணவு, தூளைத் தண்ணீரில் குழைத்த கூழ். தரையில் வைக்காமல் மரத்தில் பாதி உயரத்தில் கிண்ணத்தை மாட்டுங்கள். இது நக்குவது மிகக் கொஞ்சம், அதனால் தொட்டது தெரியாது. கூழின் மேற்பரப்பைக் கரண்டியால் சமமாக்கிவைத்தால் காலையில் நக்கிய தடம் தெரியும். அதைவிட நல்ல சாட்சி எச்சம். எச்சம் விழுந்தால் சாப்பாடு உள்ளே போகிறது. ஒரு நாளுக்கு மேல் கூழை வைக்காதீர்கள், புளித்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரம் மிகக் குறைவாகவே சாப்பிடும், பதற வேண்டாம்.

மெழுகுப்புழு மட்டும் தின்கிறது. மற்றதை மூஞ்சியில் அடித்த மாதிரி ஒதுக்குகிறது.

பசியைக் கிளப்ப யாரோ சொல்லி நீங்கள் கொடுத்திருப்பீர்கள். மெழுகுப்புழு கொழுப்பு நிறைந்தது. ஒருமுறை ருசி கண்டால் மற்றதெல்லாம் கசக்கும். எடை நன்றாக இருக்கும் கெக்கோவாக இருந்தால் மெழுகுப்புழுவை முழுக்க நிறுத்திவிட்டு, வழக்கமான பூச்சியையே இரண்டு நாளுக்கு ஒரு முறை காட்டுங்கள். ஒரு வாரம் பிடிவாதம் பிடிக்கலாம். உங்கள் பிடிவாதம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். மெலிந்த கெக்கோவிடம் இந்த விளையாட்டு வேண்டாம். மெழுகுப்புழுவை நசுக்கி அதன் சாற்றை மாவுப்புழுவின் மேல் தடவிக் கொடுத்துப் பழக்குங்கள்.

வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

கூடாது. தாடை உடையும், இரை மூச்சுக்குழாயில் போகும், உங்கள் கையைக் கண்டாலே ஓடும். அதிகபட்சம், பூச்சியின் சாற்றை ஒரு சொட்டு மூக்கு நுனியில் தடவலாம். நக்கும். நக்கும்போதே பூச்சியைக் கிட்டே கொண்டுபோனால் சிலது கவ்விவிடும். குழாய் வழியாக உணவு கொடுப்பதெல்லாம் மருத்துவர் செய்ய வேண்டியது.

சாப்பிட்டது, மறுநாள் அப்படியே கக்கிவிட்டது.

ஒருமுறை என்றால் பெரும்பாலும் பூச்சி பெரிது, அல்லது தரை குளிர். நான்கைந்து நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, வெப்பத்தைச் சரிபார்த்து, சின்னதாக ஒரே ஒரு பூச்சி கொடுங்கள். மறுபடி கக்கினால் காத்திருக்காதீர்கள். குடலைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அது மற்ற கெக்கோக்களுக்கும் பரவும். ஏற்கனவே வீட்டில் கெக்கோ இருப்பவர்கள், புதியதைக் குறைந்தது இரண்டு மாதமாவது வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு கிண்ணத்தோடு வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஆறு மாதம் நன்றாகச் சாப்பிட்டது, திடீரென்று நிறுத்திவிட்டது. இதற்கும் இதே பதில்தானா?

பாதி இதே பதில்: தரை வெப்பம், எடை. பருவம் மாறியதும் அறை குளிர்ந்து தரை இரண்டு டிகிரி இறங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. தெர்மோஸ்டாட் உணரி இடம் நகர்ந்திருப்பதும் உண்டு. மீதிப் பாதி வேறு. வயதுக்கு வந்த ஆண், இனப்பெருக்கப் பருவத்தில் சாப்பாட்டை மறந்து கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். எடை நிலையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பெண்ணாக இருந்தால் வயிற்றைப் பாருங்கள். ஆணோடு சேராமலே முட்டை வைக்கும். வயிற்றின் இருபக்கமும் வெள்ளை நீள்வட்டமாகத் தெரியும். ஈரமான மண் போட்ட டப்பா ஒன்று வையுங்கள். முட்டை போடாமல் சோர்ந்து கிடந்தால் அது அவசரம்.

சரி, எப்போது மருத்துவரிடம் போகணும்? என்ன கொண்டுபோகணும்?

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வால் குச்சியாக மெலிந்தால், இருமுறை கக்கினால், எச்சம் தொடர்ந்து தண்ணீராகப் போனால், வாயைத் திறந்துகொண்டே மூச்சுவிட்டால், கண் திறக்காவிட்டால். இதில் ஒன்று போதும். நல்ல எச்சம் பழுப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கட்டியோடு இருக்கும்.

ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைக் கெக்கோ வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்திருங்கள். போகும்போது அன்றைய எச்சத்தை மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள், ஒட்டுண்ணி பார்க்க உதவும். எடை குறித்த தாள், தொட்டியின் போட்டோ ஒன்று, தரை வெப்பம் எவ்வளவு என்ற எண். அதைத்தான் அவரும் முதலில் கேட்பார்.